ஒத்தையா ரெட்டையா

எங்கள் வீட்டுக்குள் செல்போன் பேசாது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பிங்கர்போஸ்ட் தாண்டி, சாலையை விட்டுச் சரிவில் இறங்கி உட்கார்ந்திருக்கும் வீடு. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 86 படி ஏறி, மேலே வளைவில் இருக்கும் சின்னப் பாலத்தின் கட்டைச்சுவர் ஓரம் நிற்க வேண்டும். அங்கே இரண்டு கோடு சிக்னல் வரும். மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, மறு கையில் போன். பேசி முடித்து இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

அந்தப் படிகளை எத்தனையோ வருடம் திட்டியிருக்கிறேன். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு திட்டுவதில்லை.

அந்த மாதம் மலைக்கு மேற்குப் பக்கம் வானம் பொத்துக்கொண்டது. 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 24 மணி நேரத்தில். எமரால்டு, அப்பர் பவானி, கூடலூர் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் மண்சரிவு. 1932-இலேயே பைக்காராத் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, கீழே சமவெளிக்கு அனுப்பிய மாவட்டம் இது. ஆனால் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் மெழுகுவத்திதான்.

அன்று இரவு கரண்ட் போனபோது நான் ஸ்கேன் செய்த படங்களைச் சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சிட்டது. அவ்வளவுதான். அதன் பேட்டரிக்கு ஐந்து வயது, போதாக்குறைக்குக் குளிர். பதினைந்து நிமிடம் தாங்க வேண்டியது பதினைந்து நொடிகூடத் தாங்கவில்லை. இருட்டில் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

*

சர்வர் என்றதும் குளிரூட்டிய பெரிய அறை நினைவுக்கு வரலாம். என்னுடையது ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு சிற்றறையில் 2014-இல் கொண்டுபோய் வைத்தேன். அது அப்பாவின் இருட்டறை.

அப்பா இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலைக்காரர். 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு-வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் ‘இந்து’ என்ற பெயரில் இங்கிருந்து நாடெங்கும் போயின. “தூசி இல்லாத காத்து, வேர்க்காத ஊரு. ஃபிலிமுக்கு ஊட்டியை விட்டா வேற எது?” என்பார் அப்பா. ஷிஃப்டில் பாதி நேரம் கும்மிருட்டில் வேலை. கைதான் கண்.

வேலைக்குப் போய் இருட்டில் நின்றது போதாதென்று வீட்டிலும் ஓர் இருட்டறை கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை மாட்டிக்கொண்டு தோட்டத்து லைன் வீடுகளுக்குப் போவார். இலங்கையிலிருந்து வந்திறங்கிய குடும்பங்களை வாசலில் நிற்கவைத்துப் படமெடுத்து, அடுத்த வாரம் பிரதி போட்டுக் கொடுத்துவிட்டு வருவார். அறைக்கு வெளியே சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது. ஆறு வயதில் ஒரு நாள், சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். மூன்று சுருள் வெளிச்சம் பட்டு வீணாயிற்று. அப்பா அடிக்கவில்லை. “இருட்டுல அவசரப்படக் கூடாதுடா. கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே வெளிச்சத்துக்கு வந்திருக்கும்” என்றார்.

அவர் காலமான பிறகு நெகட்டிவ் பெட்டிகளைத் திறந்தேன். பாதிக்கு மேல் பூஞ்சை. ஃபிலிமின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரமலையில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. சில பெட்டிகளில் புளித்த காடி வாசனை. அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு ஸ்கேனர் வாங்கினேன். அப்பாவின் சுருள்கள் முடிந்ததும், அம்மா பக்கத்து உறவுகளிடம் இருந்த பழைய ஆல்பங்களையும் இரவல் வாங்கி ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். இலங்கையில், கப்பலேறும் முன் எடுத்துக்கொண்ட படங்கள் அவை. படத்தின் முதுகில் யாரோ பேனாவில் எழுதிவைத்திருந்த பெயர்களை அப்படியே தட்டி, கோப்புக்குப் பெயராக வைப்பேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தபோது, 50 தட்டுகள் கொண்ட அந்தப் பூதத்துக்குள் சுமார் 5 மெகாபைட் அடங்கியது. என் அப்பாவின் ஒற்றை நெகட்டிவ் ஸ்கேனில் இருபதில் ஒரு பங்குதான் அதில் கொள்ளும். எனக்கு உள்ளங்கை அகல டிஸ்க் ஒன்றில் 4 டெராபைட் கிடைத்தது. நான்கு வாங்கினேன். மூன்றில் படங்கள். நான்காவதில் ஒரு படமும் கிடையாது.

*

“அப்ப நாலாவது எதுக்கு?” என்று அம்மா கேட்டாள்.

அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது லைன் வீட்டில். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களில் சிலருக்கு இந்த நாடு, சிலருக்கு அந்த நாடு. அம்மா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பந்தலூர் மலைக்கு வந்து சேர்ந்தாள். அவளைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இப்போது டான்டீ என்று சொல்வதில், கொழுந்து பறித்தாள்.

அவளுக்கு ‘ஒத்தையா ரெட்டையா’ தெரியும். மூடிய கைக்குள் புளியங்கொட்டை. எதிராளி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்ல வேண்டும். லயத்து வாசலில் ஆடிய ஆட்டம்.

“மூணு பேர் கையை மூடிட்டு நிக்கிறாங்கம்மா. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கொட்டை இருக்கும், இல்லாட்டி வெறுங்கை. நாலாவது ஆள் மூணு பேரையும் எண்ணுறான். மொத்தம் ஒத்தையா வந்தா தன் கையில ஒண்ணு எடுத்துக்குவான். ரெட்டையா வந்தா சும்மா இருப்பான். அப்ப நாலு கையும் சேர்ந்தா எப்பவும் ரெட்டை. இப்ப மூணு பேர்ல ஒருத்தன் ஓடிப்போயிட்டான்...”

அம்மா முடிக்கவிடவில்லை. “மிச்சக் கையை எண்ணினா ஓடினவன் கையில என்னன்னு தெரிஞ்சிரும். மழை பட்டு செக்ரோல் ஏட்டுல ஒருத்தி பறிச்ச றாத்தல் அழிஞ்சா, மொத்தத்துல இருந்து கழிச்சுத்தானே கணக்கப்பிள்ளை எழுதுவாரு?”

“ரெண்டு பேரோடது அழிஞ்சா?”

“அப்ப கங்காணி சொன்னதுதான் கணக்கு” என்று சிரித்தாள்.

இதைவிட நன்றாகப் பாரிட்டியை எனக்கு யாரும் விளக்கியதில்லை. 4 டெராபைட் டிஸ்க் என்றால் 32 லட்சம் கோடி பிட். ஒவ்வொரு பிட்டும் ஒரு மூடிய கை. உள்ளே ஒன்று, அல்லது பூஜ்யம். மூன்று டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளைக் கூட்டி, மொத்தம் இரட்டையாக வரும்படி நான்காவது டிஸ்க் தன் பிட்டை எழுதிக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றவற்றைக் கூட்டி, செத்ததில் இருந்ததை பிட்டு பிட்டாகத் திரும்ப எழுதலாம். மலிவான டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் ஏதோ ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும், அதற்கு மாற்றாக உபரி டிஸ்க் வேண்டும் என்று பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ‘ரெய்டு’ என்ற பெயரே வந்தது. என் சர்வரில் நான் போட்டிருந்த அன்ரெய்டு என்ற மென்பொருள் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் கோப்புகள் துண்டு துண்டாகி எல்லா டிஸ்க்கிலும் பரவாது. ஒரு டிஸ்க்கின் கோப்பு அந்த டிஸ்க்கிலேயே முழுசாக இருக்கும். இரண்டு ஒன்றாகச் செத்தாலும் மிச்சமுள்ளதைத் தனியாக மாட்டிப் படிக்கலாம்.

ஆனால் அந்த நாலாவது ஆளுக்கு ஒத்தை ரெட்டை மட்டும்தான் தெரியும். கையில் இருப்பது புளியங்கொட்டையா, முத்தா என்று தெரியாது. அம்மாவுக்குப் பாடம் நடத்தியவன் இதை யோசிக்கவில்லை.

*

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. சர்வர் எழுந்தது. ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று தெரிந்துகொண்டு, தானே பாரிட்டி சரிபார்ப்பைத் தொடங்கியது. ஆரம்பத்தில் சில நூறு பிழைகள். அது எதிர்பார்த்ததுதான். டிஸ்க்கில் எழுதி, பாரிட்டியில் எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அதற்குப் பிறகுதான் மூன்றாம் டிஸ்க்கில் வாசிப்புப் பிழைகள் வரிசைகட்டின. கடைசியில் அதன் பெயருக்கு முன்னால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. எழுதப் போய் எழுத முடியாவிட்டால் அன்ரெய்டு அந்த டிஸ்க்கை ஒதுக்கிவைத்துவிடும்; அதற்குப் பதிலாக மற்ற மூன்றையும் கூட்டி, அது இருப்பதுபோலவே காட்டும்.

சிவப்பு எரிந்தால் கதவைத் தொடாதே என்று வளர்ந்தவன் நான். தொட்டேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

அன்ரெய்டு பென் டிரைவிலிருந்து எழுந்து முழுக்க ரேமில் ஓடுவது. நடந்ததையெல்லாம் நொடிவாரியாக எழுதிவைக்கும் குறிப்பேடும் ரேமில்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் அது காணாமல் போயிற்று. எந்த நேரத்தில், எந்த டிஸ்க், எந்தக் காரணத்தால் என்ற சாட்சியம் முழுவதையும் நானே அழித்திருந்தேன்.

எழுந்தபோது வேறு செய்தி காத்திருந்தது. மூன்றாம் டிஸ்க்கை மவுண்ட் செய்ய முடியவில்லையாம். அதற்குக் கீழே ஒரு சிறு கட்டம், பக்கத்தில் ஒரு பட்டன்: ஃபார்மேட். எனக்குத் தோன்றியது இதுதான். பாரிட்டி இருக்கிறதே! டிஸ்க்கை ஃபார்மேட் செய்து சுத்தமாக்கிவிட்டால், பாரிட்டியிலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிடும். கட்டத்தில் டிக் அடித்தேன். பட்டனுக்கு உயிர் வந்தது.

சுண்டுவிரல் தூரத்தில் நின்றேன். எதற்கும் கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவள் ஒரு கம்பெனியில் இதே சர்வர் வேலைதான் பார்க்கிறாள். குடையை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

“மாமா, பட்டனை அழுத்திட்டீங்களா?”

“இல்ல கண்ணு. டிக்தான் பண்ணியிருக்கேன்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“போய் அந்த டிக்கை எடுங்க மாமா. ஃபார்மேட்டுங்கிறதும் டிஸ்க்குல எழுதுறதுதான். நீங்க எழுதுற ஒவ்வொண்ணையும் பாரிட்டி அந்த நிமிஷமே கணக்குல சேர்த்துக்கும். டிஸ்க் காலின்னு எழுதினா காலின்னுதான் ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் புது டிஸ்க்கு போட்டீங்கன்னா, அந்தக் காலியை ஒரு பிட்டு பிசகாம மீட்டுக் கொடுக்கும்.”

அந்தப் பாலத்துக் கட்டைச்சுவரில், மழையில், உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குள் சிக்னல் இருந்திருந்தால் ஒரு கையில் போனும் மறு கையில் மவுஸுமாக, அவள் ‘ஹலோ’ சொல்வதற்குள் அழுத்தியிருப்பேன்.

*

அடுத்த நான்கு நாட்கள் அக்கா மகள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஒரு வேலைக்கு ஒரு தடவை படியேற்றம். தரைவழி இணைப்பு மரத்தோடு அறுந்து கிடந்ததால் அவளால் அங்கிருந்து எட்டிப்பார்க்க முடியாது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவள் சொல்வதை எழுதிக்கொண்டு இறங்குவேன். திரையில் வந்ததை எழுதிக்கொண்டு ஏறுவேன். ‘எதையும் மாத்தாதீங்க, முதல்ல பாருங்க’ என்பதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது.

டிஸ்க்குகள் தங்கள் உடம்பைத் தாங்களே பரிசோதித்து எழுதிவைக்கும் அறிக்கைக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் எண் 5, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். எண் 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இரண்டும் ஏறினால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். என் மூன்றாம் டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யம். எண் 199, கேபிளில் தகவல் சிதைந்த தடவைகள். சில டஜன் இருந்தது.

“எண் 12 என்ன சொல்லுது?”

டிஸ்க்குக்கு எத்தனை தடவை கரண்ட் வந்தது என்ற கணக்கு அது. நான்கு டிஸ்க்கையும் ஒரே நாளில் மாட்டினேன், ஒரே பெட்டியில் இருக்கின்றன. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண். மூன்றாவதில் மட்டும் அறுபதுக்கு மேல் கூடுதல். அண்ணன் தம்பி நான்கு பேரில் ஒருவன் மட்டும் யாருக்கும் தெரியாமல் அறுபது தடவை செத்துப் பிழைத்திருக்கிறான்.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு மாமா. சாப்பாடு போற வழியைப் பாருங்க.”

பெட்டியைத் திறந்தேன். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சிறு இணைப்பு வயர். அதன் முனையில் பித்தளை ஊசிகள் பச்சை பூத்திருந்தன. அப்பாவின் நெகட்டிவைத் தின்ற அதே ஈரம். ஜூலையில் எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தால் கை நனையும். மேகம் ஜன்னல் வழியாக வந்து கதவு வழியாகப் போகும் ஊரில், காற்றோட்டமே இல்லாத அறைக்குள் கொண்டுபோய் இதை வைத்தவன் நான்தான்.

அறிக்கையை ஒப்பிக்கும் இடைவெளியில் எனக்கு ஒரு பெரிய காரணமும் தோன்றியது. இந்த ஊட்டியில்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி தலைக்குமேல் போன ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் அழுத்தம் இருந்ததை, மியூவான் துகள்களைக் கணக்கிட்டே அளந்தவர்கள் அவர்கள். வானத்திலிருந்து வரும் துகள் ஒன்று ரேமில் மோதினால் பிட் புரண்டுபோகலாம் என்று படித்திருந்தேன். “ஒருவேளை காஸ்மிக் கதிரா இருக்குமோ?” என்றேன்.

“மாமா, விண்வெளியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ராத்திரி பூரா ரேம் சோதனை ஓட விடுங்க.”

ஓடவிட்டேன். ரேம் சுத்தம். பச்சை பூத்த ஊசிதான் குற்றவாளி.

ஆனால் அதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது. கரண்ட் விட்டுவிட்டு வந்ததில், பாதி எழுதியதும் எழுதாததுமாக டிஸ்க்கின் கோப்பு அமைப்பு கிழிந்திருந்தது. பாரிட்டி அந்தக் கிழிசலையும் விசுவாசமாகக் காத்துவைத்திருந்தது. புது டிஸ்க்கில் மீட்டாலும் கிழிசலோடுதான் மீளும். எனவே முதலில் தையல், பிறகுதான் மீட்பு. அந்தக் கோப்பு அமைப்பின் பெயர் எக்ஸ்.எஃப்.எஸ்.; அதற்கான பழுதுபார்ப்புக் கட்டளையை முதலில் ‘பார், தொடாதே’ என்று ஓட்டினோம். பிறகு உண்மையாக ஓட்டினோம். நிலுவையிலிருக்கும் எழுத்துக்குறிப்பைத் தூக்கியெறிந்தால்தான் மேலே போக முடியும் என்றது. “வேற வழியில்ல மாமா, சரின்னு சொல்லுங்க.” சொன்னேன்.

புது டிஸ்க் ஞாயிற்றுக்கிழமை அவள் கையோடு மலையேறி வந்தது. பழையதன் மேலேயே மீட்டுவிடலாம் என்றேன். கூடாது என்றாள். மீட்பு நடுவில் இன்னொன்று படுத்தால், ஒதுங்கி நிற்கும் பழைய டிஸ்க்தான் கடைசிப் பிடிமானம். பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது. திங்கள்கிழமை விடிகாலையில் நான்கு பெயர்களுக்கு முன்னாலும் பச்சைப் பொட்டு.

*

படங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் ‘லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்’ என்று இதுவரை இல்லாத ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. அதற்குள் 431 கோப்புகள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீள நீளமான எண்கள்.

கோப்பு ஓரிடத்தில் இருக்கும், அதன் பெயர் வேறிடத்தில் இருக்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நிலம் ஓரிடம், பட்டா ஓரிடம் என்பதுபோல. ஒரு ஃபோல்டரின் பெயர்ப்பட்டியல் கிழிந்துவிட்டால், உள்ளே இருந்த படங்கள் பெயரில்லாமல் அநாதையாகும். பழுதுபார்க்கும் நிரல் அவற்றைப் பொறுக்கியெடுத்து, ஆளுக்கொரு எண் போட்டு, ஒரே அறையில் தங்கவைக்கும். மண்டபம் முகாம் போலத்தான்.

பழைய டிஸ்க்கைத் தனியாக மாட்டிப் பார்த்தோம். அதிலும் அதே ஃபோல்டரில் அதே காயம். 2017-இல் ஒரு வெளி டிரைவில் பிரதி எடுத்திருந்தேன். பாரிட்டி இருக்கும்போது தனிப் பிரதி எதற்கு என்று அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்தப் பிரதியோடு ஒப்பிட்டதில் 267 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. மிச்சம் 164. எல்லாம் அம்மாவின் அக்காவான கொளப்பள்ளிப் பெரியம்மா வீட்டு ஆல்பத்திலிருந்து வந்தவை. திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதே ஆகஸ்ட் மழையில் கூரை ஒழுகி, ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகம் ஒரு பக்கமும் முதுகு ஒரு பக்கமுமாக வந்தது. பேனா மை ஊதா நிறக் கறையாகப் பரவியிருந்தது.

ஆக, உலகத்தில் அந்தப் படங்கள் இருக்கும் ஒரே இடம் என் இருட்டறை. அந்தப் பெயர்கள் இருந்த கடைசி இடம் என் விரல்கள். 164 பெயர்களையும் நான்தான் தட்டினேன். ஒன்றுகூட நினைவில்லை.

அம்மாவின் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்கேன் செய்த நாளும் நேரமும் கோப்புக்குள் தப்பியிருந்ததால், ஆல்பத்தில் இருந்த வரிசையிலேயே காட்ட முடிந்தது. அது பெரிய உதவி. அம்மா முகத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லவில்லை. கூட நிற்பவர்களைப் பார்த்தாள். “இது மேட்டு லயத்து வீடு. அவங்க ஆறு பேரு. அப்பன், ஆத்தா, பொட்டப்புள்ளைங்க மூணு, பய ஒண்ணு. இதுல அஞ்சு பேரைத் தெரியுது. அப்ப முக்காடு போட்டிருக்கிறது ஆத்தாதான்.” மொத்தம் தெரியும், ஐந்து தெரியும், ஆறாவது கழித்தலில் வந்தது. செக்ரோல் கணக்கு. ஒரு படத்தில் இரண்டு முகம் தெரியாமல் போனால் மட்டும் உதட்டைப் பிதுக்குவாள். “ரெண்டு பேர்னா எப்படிப்பா சொல்றது?”

இப்படி ஒரு மாதத்தில் 120க்கு மேல் பெயர் சேர்ந்தது. மீதியை அச்செடுத்து எடுத்துக்கொண்டு கொளப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். அம்மா சொன்னவற்றையும் சேர்த்தே எடுத்துப் போனேன். இதற்கும் ஒரு சரிபார்ப்பு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அச்சுப் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. அந்த மேட்டு லயத்துக் குடும்பத்தின் இன்னொரு படம் வந்தது. கப்பலுக்குப் புறப்படும் முன் எடுத்தது. அதில் ஐந்து பேர்தான். மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயர் அந்த நாட்டுப் பட்டியலில் விழுந்துவிட்டதால் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. படத்தில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி கடைக்குட்டி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மற்றவளை மூத்தவள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

“இவ மூத்தவ இல்லடா தம்பி. நடுவுலவ. மூத்தவதான் அங்கேயே நின்னுட்டா” என்றாள் பெரியம்மா.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தாள். “அக்காவுக்கு மறந்துபோச்சு. நின்னவ நடுவுலவ. துறைமுகத்துல அவதான் அழுதா. நான் பக்கத்துல நின்னேன்” என்றாள்.

பாரிட்டி சரிபார்ப்பில் பிழை ஒன்று என்று வந்தால், ஏதோ ஓரிடத்தில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் தெரியும். எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று ஒற்றைப் பாரிட்டியால் சொல்ல முடியாது. அதனால்தான் ‘பிழையைத் திருத்தி எழுது’ என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடிக்காதீர்கள் என்று அக்கா மகள் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறாள். எது தப்பென்று தெரியாமல் திருத்தினால், சரியாக இருந்ததும் தப்பாகிவிடும்.

இப்போது இருட்டறையில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிகிறது, ஈரத்துக்காக. மழைக்கு முன்னால் யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்கிறேன். இரண்டாவது பாரிட்டி டிஸ்க் ஒன்று போட்டாயிற்று. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்ற கைரேகை எடுத்துவைத்திருப்பதால், இனி எது மாறினாலும் மாறியது எது என்று தெரியும். தைக்கும் ஆடிக்கும் ஒரு பிரதி கோயம்புத்தூர் போகிறது. பெயர்களை மட்டும் தனியாக ஒரு நோட்டிலும் எழுதிவைத்திருக்கிறேன்.

அந்த ஒரு படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று பல நாள் யோசித்தேன். அம்மா பக்கம் சாய்ந்தால் பெரியம்மா சொன்னது அழியும். பெரியம்மா பக்கம் சாய்ந்தால் துறைமுகத்து அழுகை அழியும். கடைசியில் எதையும் திருத்தாமல் இரண்டையும் எழுதினேன். சர்வரில் அந்தக் கோப்பின் பெயர் இன்றைக்கும் இதுதான்: ‘மேட்டு லயம், மூத்தவளா நடுவுலவளா’.